இருபத்தைந்துக்கு இருபத்துநாலு

ஜூன் 8

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் வீங்கின கால் இன்றுதான் செருப்புக்குள் நுழைந்தது. மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் சௌக்கியமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

போனில் சொல்ல வேண்டியதை எதற்கு எழுதுகிறாள் என்று முகத்தைச் சுளிக்காதே. நாம் இருவரும் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். இங்கே நர்சுகள் விடுதியில் சிக்னலும் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு வார்டன் அறைப் போனில் ஆளுக்கு ஐந்து நிமிஷம். அதில் உன் வீட்டில் விட்டுவந்த என் பெண் நெட்டையின் குரலைக் கேட்டுக்கொள்கிறேன். மற்றதெல்லாம் தாளில். தாளில் உன்னால் கத்த முடியாது.

எனக்கு டயாலிசிஸ் பிரிவு போட்டிருக்கிறார்கள். எட்டு நாற்காலி, எட்டு மெஷின். வருகிறவர்கள் வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் கையை நீட்டியபடி உட்கார வேண்டும். நாலாம் நாற்காலிக்காரர் ஒருவர்தான் நம் பாஷை பேசுகிறவர். லாரி டிரைவராக இருந்தவர். நான் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சுத்துணை கிடைத்துவிட்டது, எனக்கும்தான்.

இனி விஷயம். நெட்டைக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் ஸ்கூல் வாலிபால் டீமில் தொடரலாம். தினமும் நாலரை முதல் ஆறரை வரை பயிற்சி. கணக்கில் எழுபதுக்குக் கீழே போனால் அன்றே நிறுத்தம். பொதுத் தேர்வில் கணக்கில் எழுபது இருந்தால்தான் மேலே சயன்ஸ் வகுப்பில் சேர்ப்பார்கள், அது உனக்கும் தெரியும். இப்போது எழுபத்துநாலு வாங்குகிறாள். அவள் அப்பா போன பிறகு அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தது அந்த மைதானத்தில்தான். போன வருஷம் நான் ஒரே ஒரு மேட்ச் பார்க்கப் போனேன். இருபத்துநாலுக்கு இருபத்துநாலு என்று நின்று, முடிகிற வழியாகவே இல்லை. எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, பாதியில் கிளம்பிவிட்டேன்.

நீ வழியனுப்ப வந்தபோது, "பந்து தட்டினா கணக்கு வருமாக்கா?" என்று கேட்டாய். வருமோ, வராதோ. ஆனால் வாக்கு வாக்குதான். பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 27

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் மூவரும் நலம். முதுகுவலி முதுகோடு சௌக்கியமாக இருக்கிறது.

உன் பெண்ணைப் பற்றிக் கவலையே வேண்டாம். பதினாறு வருஷமாக டிப்போவில் டைம்கீப்பராக உட்கார்ந்து நூற்றுப்பத்து பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டுகிறவன், ஒரு பெண்ணை ஓட்டமாட்டேனா? டைம்டேபிள் போட்டு அவள் மேஜைக்கு மேலே ஒட்டியாகிவிட்டது. காலை ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும். ஆறு முதல் ஏழரை சயன்ஸ். மாலை நாலேகாலுக்குப் பால், முட்டை. நாலரை முதல் ஆறரை கணக்கு. ஏழு முதல் எட்டரை மற்ற பாடங்கள். ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. உன் தம்பி பெண்டாட்டி அதைப் பார்த்துவிட்டு, "இதுல எந்த ஸ்டாப்புல அவ இறங்கி மூச்சு விடணும்?" என்று கேட்கிறாள். அவள் கிடக்கிறாள்.

ஃபுட்பால் ஆடிப் பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டவன் நான். ஊரே சொல்லிச் சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். என் பொறுப்பில் இருக்கிற பெண்ணுக்கு அது நடக்க விடமாட்டேன். விளையாட்டெல்லாம் அது பாட்டுக்கு இருக்கிறது, நீ நிம்மதியாக வேலையைப் பார்.

நெட்டையின் கடிதத்தை இதே கவரில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி


ஜூன் 27

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கால் வீக்கம் வடிந்ததா? அத்தை உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள்.

நேற்று நகராட்சிப் பள்ளியோடு மேட்ச். மூன்றாவது செட் வரை போனது. கடைசியில் இருபத்தைந்துக்கு இருபத்துநாலு என்று நாங்கள் ஜெயித்தோம். நெட்டுக்கு மேலே கையை நீட்டித் தடுத்து நான் இரண்டு பிளாக் போட்டேன்.

படிப்பு நன்றாகப் போகிறது. மாமா தினமும் முட்டை உரித்துத் தருகிறார்.

நெட்டை


ஜூலை 20

என் தம்பிக்கும் என் நெட்டைக்கும்,

நான் நலம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே ஏ.சி.யில் பல் கிட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஜலதோஷம், அவ்வளவுதான். நீங்கள் எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

நெட்டை, உன் மேட்ச் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடைசி வரை விட்டுக்கொடுக்காமல் ஒரே ஒரு பாயின்ட்டில் ஜெயித்திருக்கிறாயே! நாலாம் நாற்காலிக்காரருக்கும் படித்துக் காட்டினேன். இரண்டாம் தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "பொண்ணு எந்த இடத்துல ஆடுது சிஸ்டர்?" என்று கேட்டார். "நெட்டுக்குப் பக்கத்துல, உயரமா இருக்கா இல்ல" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டார். பெருமையாக இருந்தது.

தம்பி, உன் டைம்டேபிளைப் பார்த்தேன். அதில் பயிற்சி நேரம் எங்கே? நாலரை முதல் ஆறரை கணக்கு என்று போட்டிருக்கிறாயே. கை தவறி எழுதிவிட்டாயா? தெரியப்படுத்து.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. டிப்போவில் புது ரூட் மூன்று வந்து, சாப்பிடக்கூட நேரமில்லை. இங்கே எல்லோரும் சுகம். உன் ஜலதோஷம் போயிற்றா?

முதல் பருவத் தேர்வு முடிந்தது. கணக்கில் அறுபத்தொன்று. கேட்டவுடன் பதறாதே. இந்த வருஷம் வந்த கணக்கு டீச்சர் புதிது, கேள்வித்தாளும் கடினம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அறுபத்தொன்றை எழுபதாக்க என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். காலையில் ஐந்தரை என்றிருந்ததை நாலே முக்கால் ஆக்கியிருக்கிறேன். நானும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்துவிடுகிறேன். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன், ஒரு நிமிஷம் வீணாவதில்லை.

சமையலறையில் குழாய் ஒழுகியது, சரி செய்துவிட்டேன். நெட்டைக்கு ஷூ சின்னதாகிவிட்டது, புதிது வாங்கினோம். அவள் கடிதம் உள்ளே.

தம்பி


ஆகஸ்ட் 30

அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்?

இரண்டு மேட்ச் ஆடினோம். முதல் மேட்ச் இருபத்தைந்துக்கு இருபத்துநாலு. இரண்டாவதும் இருபத்தைந்துக்கு இருபத்துநாலு. இரண்டிலும் ஜெயித்தோம். உனக்கு நான் சொல்லாமலே எல்லாம் தெரியும் என்று நினைக்கிறேன்.

கணக்கில் குறைந்ததற்கு மன்னித்துக்கொள். அடுத்த முறை வாங்கிவிடுகிறேன்.

நெட்டை


அக்டோபர் 4

அம்மாவுக்கு,

எல்லோரும் நலம். கணக்கில் ஐம்பத்தைந்து. மாமா தனியாக எழுதுவார்.

மேட்ச் நடந்தது. மூன்று செட். இருபத்தைந்துக்கு இருபத்துநாலு. இருபத்துநாலுக்கு இருபத்தைந்து. இருபத்தைந்துக்கு இருபத்துநாலு.

இந்தக் கடிதத்தையும் நாலாம் நாற்காலி மாமாவுக்குப் படித்துக் காட்டு அம்மா.

நெட்டை


அக்டோபர் 25

தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நாலாம் நாற்காலிக்காரருக்கு ஊசி போட்டு மெஷினை ஓட விட்டுவிட்டு, நெட்டையின் கடிதத்தைப் படித்தேன். கேட்டு முடித்துவிட்டு அவர் கேட்டார்: "சிஸ்டர், நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" சொல்லுங்கள் என்றேன். "இருபத்தஞ்சுக்கு இருபத்துநாலுல செட் முடியாது சிஸ்டர். ரெண்டு பாயின்ட் வித்தியாசம் வேணும். இருபத்துநாலு, இருபத்துநாலுன்னு வந்துட்டா யாராவது ரெண்டு பாயின்ட் முன்னால போற வரைக்கும் ஆட்டம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். முதல் தடவை கை தவறி எழுதிடுச்சுன்னு நெனச்சேன். ரெண்டாவது தடவை சொல்லலாமான்னு யோசிச்சேன், நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. டீம்ல ஆடுற பொண்ணு இதைத் தப்பா எழுதாது. வேணும்னே எழுதுது."

அறைக்கு வந்து எல்லாக் கடிதங்களையும் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அதே இருபத்தைந்து, இருபத்துநாலு. டைம்டேபிள் பற்றிக் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை, அறுபத்தொன்று வாங்கின பிறகும் எப்படி ஆடுகிறாள் என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. பூசி மெழுகாமல் பதில் எழுது. தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு என் பெண் எங்கே இருக்கிறாள்?

அக்கா


அக்டோபர் 25

என் நெட்டைக்கு,

இந்தக் கடிதத்தை உன் பள்ளிக்கூட விலாசத்துக்கு, விளையாட்டு டீச்சரின் பெயர் போட்டு அனுப்புகிறேன். உன் கையில் நேராகச் சேரட்டும் என்றுதான்.

புரிந்தது கண்ணு. இப்போதுதான் புரிந்தது. என்ன நடந்தது என்று எழுது. எனக்காக எதையும் அழகுபடுத்தாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


நவம்பர் 12

அம்மாவுக்கு,

டீச்சர் உன் கடிதத்தைக் கொடுத்தார்கள். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் போதவில்லை.

நீ கிளம்பிப் போன மறுவாரமே மாமா என்னை டீமிலிருந்து நிறுத்திவிட்டார். ஜூன் மாதத்திலிருந்து நான் ஒரு மேட்சும் ஆடவில்லை. "அம்மாகிட்ட சொல்லாத, அங்க உட்கார்ந்து கவலைப்படுவா. வழக்கம்போல மேட்சைப் பத்தி எழுது" என்று சொன்னார். கடிதங்களை அவர் படித்துவிட்டுத்தான் கவரை ஒட்டுவார். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போதும் பக்கத்திலேயே நிற்பார். அதனால்தான் அப்படி ஒரு ஸ்கோரை எழுதினேன். மாமாவுக்கு வாலிபால் தெரியாது. முதல் கடிதத்தைப் படித்துவிட்டு, "பலே, கடைசி வரைக்கும் இழுபறியா எழுதியிருக்கியே" என்று முதுகில் தட்டினார்.

மாமா கெட்டவர் இல்லை அம்மா. நாலே முக்காலுக்கு என்னை எழுப்பிவிட்டு, அவரும் எதிரில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு அவரைப் பற்றிப் புகார் எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினால் நீ வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாய் என்றும் பயம்.

சாயங்காலம் நாலரைக்கு மேஜையில் உட்காருவேன். புத்தகம் திறந்திருக்கும். கணக்கு மண்டையில் ஏறாது. எனக்கே ஏன் என்று தெரியவில்லை.

அழகுபடுத்தாதே என்று எழுதியிருக்கிறாய், அதனால் இதையும் எழுதுகிறேன். எனக்கு மாமா மேல் அவ்வளவு கோபம் இல்லை. உன் மேல்தான் கோபம். நீ பார்க்க வந்த அந்த மேட்சில் இருபத்துநாலுக்கு இருபத்துநாலு ஆனபோது நான் உன்னைப் பார்த்தேன். நீ அங்கேதான் நின்றிருந்தாய். இருபத்தைந்துக்கு இருபத்துநாலு ஆனதும், "ஜெயிச்சாச்சா?" என்று கேட்டாய், பக்கத்திலிருந்த டீச்சர் இல்லை என்றார்கள். அது உனக்கு ஞாபகம் இருக்கும், முதல் கடிதத்திலேயே கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்தேன். நாலு மாதம் ஆகிவிட்டது.

நெட்டை


டிசம்பர் 3

அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் நலம்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் உன் மேல் கோபத்தில் கழிந்தது. அதை மறைக்க மாட்டேன். பார், உன் பெண்ணுக்காக ஓடாய்த் தேய்கிறேன், நீ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாய் என்று. மைதானத்தில் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று கையோடு குறித்து உனக்கு அனுப்பி, உன் வாயை அடைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. டிப்போவில் ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். குறித்ததை அப்படியே எழுதுகிறேன்.

நாலரை. கோர்ட்டில் பையன்கள் ஆடுகிறார்கள். பெண்களுக்கு ஐந்தேகாலுக்குத்தான் கோர்ட். அதுவரை ஒன்பது பெண்களும் பக்கத்துப் படிக்கட்டில். நாலு முப்பத்தைந்துக்குப் பையைத் திறக்கிறார்கள். சாப்பிட ஏதோ எடுக்கிறார்கள் என்று நினைத்தேன், கணக்கு நோட்டு. பந்தைத் தூக்கிக் கொடுக்கிற குள்ளப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள்தான் வகுப்பில் கணக்கில் முதல். அவள் ஒவ்வொருத்திக்கும் சொல்லித் தருகிறாள். புரியவில்லை என்றால் நோட்டாலேயே தலையில் ஒரு தட்டு. சண்டை, சிரிப்பு, மறுபடி கணக்கு. ஐந்து பத்துக்கு டீச்சர் வந்து நோட்டை வாங்கிப் பார்க்கிறார்கள். வீட்டுப்பாடம் முடித்தவளுக்குத்தான் கோர்ட். அது அவர்கள் டீமில் நாலு வருஷமாக இருக்கிற வழக்கமாம்.

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். கணக்குக்காக என்று நான் அவளை நிறுத்தினேனே, அவள் கணக்குப் படித்த இடமே அந்தப் படிக்கட்டுதான் அக்கா. ஐந்து மாதமாக அந்தப் பெண்ணைத் தனியாக ஒரு சுவரைப் பார்த்து உட்கார வைத்திருக்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம், "படிக்கட்டு விஷயத்தை ஏன் சொல்லல?" என்றேன். "அதைப் போய் படிப்புன்னு யாரும் நெனைக்கலயே மாமா, நாங்க அரட்டைன்னுதான் நெனச்சோம்" என்றாள். அசடு வழிந்தேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நான் பத்தாம் வகுப்பில் ஃபெயிலானது ஃபுட்பாலால் இல்லை. ஆடினாலும் ஆடாவிட்டாலும் நான் புத்தகத்தைத் தொடாதவன். தோற்றதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, பந்தின் மேல் பழியைப் போட்டேன். இருபத்தேழு வருஷம் சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன். அதன் பலனை உன் பெண் தலையில் கட்டினேன். அதுதான் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை முதல் அவள் டீமில் இருக்கிறாள். டைம்டேபிளைக் கிழித்துவிட்டேன். இனி அவள் கடிதங்களை நான் தொடமாட்டேன். உன் தம்பி பெண்டாட்டி நாலு நாளாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

மன்னித்துக்கொள்.

தம்பி


டிசம்பர் 22

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு ஒன்றும் இல்லை, நலம்தான்.

கோபத்தில் எழுதி இரண்டு கடிதம் கிழித்தேன். மூன்றாவது இது. உன்னைத் திட்ட எனக்கும் முகம் இல்லை. நீ அவளை ஐந்து மாதம் மேஜையில் உட்கார வைத்தாய். அவள் நாலு மாதம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், நான் ஜெயித்துவிட்டாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டு கிடந்தேன். என் பெண் ஆடுகிற ஆட்டம் எப்படி முடியும் என்று எனக்கு ஒரு லாரி டிரைவர் சொல்ல வேண்டியிருந்தது.

எழுபது வரவில்லை என்றால் வரவில்லை. அதற்காக அவளை மறுபடி நிறுத்தாதே. ஒப்பந்தத்தை நான் மாற்றிவிட்டேன். ஒரு வேலை மட்டும் செய். அவள் ஆடும்போது போய் நில். எனக்குப் பதிலாக. கடைசி வரைக்கும் நில், பாதியில் கிளம்பி வந்துவிடாதே.

அக்கா


மே 16

அம்மாவுக்கு,

நான் நலம். கை விரல் ஒன்று மட்டும் வீங்கியிருக்கிறது, பிளாக் போட்டபோது பட்டது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். உன் ஜலதோஷம் திரும்பி வரவில்லையே?

தேர்வு முடிவு வந்துவிட்டது. கணக்கில் எழுபத்திரண்டு. சயன்ஸ் வகுப்பில் இடம் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். மாமா மார்க் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "பார்த்தியா, வாலிபால் ஆடினா கணக்கு வருது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். ஆடினதால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மொழிப்பாடத்தில் அறுபத்திரண்டுதான், போன வருஷத்தைவிடக் குறைவு, அதையும் ஆட்டத்தின் கணக்கில் எழுதுவாரா? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மேஜையில் தனியாக உட்கார்ந்தபோது தெரியாத கணக்கு தெரியாததாகவே இருந்தது. படிக்கட்டில், தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை.

நேற்று மாவட்டப் போட்டியில் அரையிறுதி. மாமா லீவு போட்டுவிட்டு வந்து வெயிலில் நின்றார். முதல் செட் அவர்கள், இரண்டாவது நாங்கள். மூன்றாவதும் இங்கே இருபத்தைந்துக்குத்தான், அதில் இருபத்துநாலுக்கு இருபத்துநாலு வந்தது. நான் ஒரு பிளாக் போட்டேன், போர்டில் எங்களுக்கு இருபத்தைந்து, அவர்களுக்கு இருபத்துநாலு என்று மாற்றினார்கள். பக்கத்தில் நின்ற அப்பா அம்மாக்கள் எல்லோரும் கைதட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்கள். மாமா இரண்டு கையையும் விரித்து அவர்களை மறித்துக்கொண்டு, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்: "யாரும் போகாதீங்க! இருபத்தஞ்சு, இருபத்துநாலுல முடியாது! இன்னும் ஒண்ணு வேணும்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்பயர் விசில் ஊதுகிற வரை சிரித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் அழுகையும் வந்தது.

அப்புறம் தோற்றுவிட்டோம். இருபத்தைந்துக்கு இருபத்தேழு. மாமா கடைசி பந்து விழும் வரை நின்றார்.

நாலாம் நாற்காலி மாமாவிடம் இந்த ஸ்கோரைச் சொல் அம்மா. இந்தத் தடவை அவர் நம்புவார்.

உன்,
நெட்டை